கசிவு நின்ற பிறகு வரும் தலைவலி

நின்றால் வலிக்கும், படுத்தால் அடங்கும். தண்டுவட உறையில் தானாகக் கசிவு ஏற்பட்டவர்கள் சொல்லும் தலைவலிக்கு இதுவே முதல் அடையாளம். காலையில் எழுந்து குளித்து முடிப்பதற்குள் பிடரியில் தொடங்கி, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் படுக்கையைத் தேட வைத்துவிடும். ஒற்றைத் தலைவலி, சைனஸ், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பல பெயர்களில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, கடைசியில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு, அறுவை சிகிச்சையும் முடிந்து கண் விழிக்கிறார்கள். பழைய வலி இல்லை. ஆனால் ஓரிரு நாளில் வேறொரு வலி தலையெடுக்கிறது. இப்போது படுத்தால் வலிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது.

அறுவை தோற்றுவிட்டது என்று நோயாளி பயந்துபோகிறார். இந்த நோயை அதிகம் பார்த்திராத மருத்துவரும் அப்படியே நினைக்கக்கூடும். பல நேரங்களில் உண்மை நேர்மாறானது: கசிவு சரியாக அடைபட்டதால்தான் இந்த வலி வந்திருக்கிறது. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பழைய நோய்க்கான வைத்தியத்தையே திரும்பச் செய்தால் வலி கூடும். கண் பார்வைக்கே ஆபத்து வரலாம். தானாக ஏற்படும் கசிவைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் எவ்வளவோ தெரிந்துகொண்டிருக்கிறோம். கசிவு எங்கே என்று தேடுவதற்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது அடைத்த பிறகு நடப்பவற்றுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை மருத்துவமனைகளில் சி.எஸ்.எஃப். என்பார்கள், இங்கே மூளைநீர் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். பெரியவர்கள் உடலில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். சுரப்பதோ நாளுக்குச் சுமார் 500 மில்லி. பழையது உறிஞ்சப்பட்டுப் புதியது சேர்ந்து ஒரே நாளில் மூன்று நான்கு முறை மாறிவிடுகிறது. தராசில் வைத்தால் 1,400 கிராம் நிற்கும் மூளை, இந்த நீரில் மிதக்கும்போது சுமார் 50 கிராம் எடைதான் காட்டும். நீர் குறைந்தால் மிதப்பு குறையும்; எழுந்து நின்றதும் மூளை கீழ்நோக்கிச் சரிந்து, வலியுணரும் உறைகளையும் நரம்புகளையும் இழுக்கும்.

மண்டையோட்டுக்குள் இருக்கும் இடம் மாறாதது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளை, இரத்தம், மூளைநீர் மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்ரோ 1783-இலும், அவரைத் தொடர்ந்து ஜார்ஜ் கெல்லி 1824-இலும் எழுதிய இந்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை. நீர் குறையும்போது சிரைகள் விரிந்து இரத்தம் தேங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையுறை முழுவதும் பளிச்சென்று தெரிவதும், சிரைக்குழாய்கள் உப்பியிருப்பதும் இதனால்தான். அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களில் பல இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு, நின்றால் வலிக்கும் இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தண்டுவட மயக்க ஊசியைத் தன் மீதே சோதித்துப் பார்த்தார். பிறகு நாள்கணக்கில் தலையைத் தூக்க முடியாமல் படுத்துக் கிடந்தார். அது ஊசி போட்ட துளை. ஊசியே படாமல் அதே வலி வருவதை ஜெர்மானிய நரம்பியலாளர் கேயோர்க் ஷால்டன்பிராண்ட் 1938-இல் விவரித்தார். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு இது வருகிறது என்பது லாஸ் ஏஞ்சலஸ் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையின் வௌட்டர் ஸ்கீவிங்க் தரும் மதிப்பீடு.

கசிவுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சிலருக்குத் தண்டுவட உறையின் முன்புறம் கிழிந்திருக்கும். சிலருக்கு நரம்பு வெளியேறும் இடத்தில் உறை பை போலப் பிதுங்கி அங்கிருந்து கசியும். மூன்றாவது வகையில் உறைக்கும் பக்கத்துச் சிரைக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டு, மூளைநீர் இரத்தத்துக்குள்ளேயே வடிந்துவிடும்; 2014-இல்தான் ஸ்கீவிங்க் குழு இதை இனம்கண்டது. வகை எதுவோ அதற்கேற்ற சிகிச்சை. சிகிச்சை எதுவோ அதற்கேற்ற சிக்கல்.

நோயாளியின் சொந்த இரத்தத்தையே முதுகில் செலுத்தி அடைப்பதுதான் பெரும்பாலும் முதல் முயற்சி. பிளட் பேட்ச் எனப்படும் இந்த முறையை 1960-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் கார்ம்லி ஆரம்பித்து வைத்தார். அதில் அடங்காதவர்களே அறுவை அரங்குக்கு வருகிறார்கள். அங்கே மிகக் கடினமானது முன்புறக் கிழிசல். முதுகெலும்புத் தட்டிலிருந்து சுண்ணாம்பேறிய ஒரு எலும்பு முள் நீட்டிக்கொண்டு நின்று உறையைக் குத்திக் கிழித்திருக்கும் என்பதை 2016-இல் யூர்கன் பெக், ஆண்ட்ரியாஸ் ராபே ஆகியோரின் பெர்ன் குழு எடுத்துக்காட்டியது. தானாக வந்தது என்று நாம் சொல்லும் கசிவு பலரிடம் இந்த முள்ளின் வேலை.

அந்த அறுவையைச் சற்று அருகில் நின்று பார்த்தால்தான் பின்விளைவுகள் புரியும். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். கிழிசல் இருப்பதோ தண்டுவடத்துக்கு முன்னால், அதுவும் பெரும்பாலும் மார்பு மட்டத்தில். முன்பக்கமாகப் போனால் இதயமும் நுரையீரலும் வழியில் நிற்கும். அதனால் முதுகுப் பக்கமாகவே நுழைகிறார்கள். தசையை விலக்கி, எலும்பில் சிறு சாளரம் துளைத்து, முதலில் நல்ல உறையைப் பின்புறம் திறக்கிறார்கள். தண்டுவடத்தை இருபுறமும் பிடித்து நிறுத்தும் மெல்லிய நார்ப்பட்டைகளை வெட்டுகிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் தண்டுவடத்தைச் சில மில்லிமீட்டர் திருப்பி, அதன் மறைவில் இருக்கும் கீறலைக் காண்கிறார்கள். முள்ளை அகற்றி, கீறலைத் தைத்து அல்லது ஒட்டுப்போட்டு, திறந்த பின்புற உறையையும் தைக்க வேண்டும். கைகால்களுக்குச் செல்லும் நரம்புச் சமிக்ஞைகள் இந்த நேரம் முழுவதும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அலை சற்றுத் தாழ்ந்தாலும் அறுவை மருத்துவர் கையை நிறுத்துவார்.

ஒரு ஓட்டையை அடைக்க இன்னொன்றைப் போட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே பின்புறத் தையலிலிருந்து புதிதாகக் கசிவது, தோலுக்கடியில் நீர் தேங்கி வீங்குவது, இரத்தக் கட்டி சேர்ந்து தண்டுவடத்தை அழுத்துவது, மூளையுறைக் காய்ச்சல் ஆகியவை எல்லாம் நடக்கக்கூடியவை. கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் போன்றவை தண்டுவடத்தைத் தொட்டதன் விலை. தேர்ந்த கைகளில் இவை அரிது, பல நேரம் நாள்கள் செல்லச் செல்லச் சரியாகியும் விடும். ஆனால் அறுவை முடிந்த சில மணி நேரத்தில் காலில் பலம் குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, இரத்தக் கட்டி இருந்தால் அன்றிரவே திறந்தாக வேண்டும்.

சிரைத் தொடர்புக்கான அறுவை இதைவிட எளியது. அந்த இடத்து நரம்பு வேரையும் சிரையையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மார்பு மட்டத்து நரம்பானால் விலாவைச் சுற்றி ஒரு பட்டை அளவுக்கு மரத்துப்போகும், சிலருக்கு எரிச்சலும் இருக்கும். கைக்கோ காலுக்கோ போகும் நரம்பை அப்படித் தியாகம் செய்ய முடியாது. 2021-இல் மேயோ கிளினிக்கின் வலீத் பிரின்ஜிக்ஜி குழு கத்தியே இல்லாமல் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, ஆனிக்ஸ் என்ற பிசினால் அடைக்கும் முறையை வெளியிட்டது. காயம் குறைவுதான். ஆனாலும் இனிச் சொல்லப்போகும் சிக்கல் இதிலும் வரும். அது வெட்டுக் காயத்தால் வருவதல்ல, கசிவு நின்றுபோவதால் வருவது.

அந்தச் சிக்கல்தான் எதிர்வினை உயரழுத்தம். மொட்டை மாடித் தொட்டியில் அடியில் ஓட்டை. மோட்டார் அதற்கு ஈடுகொடுத்து ஓடப் பழகிவிட்டது. ஒரு நாள் ஓட்டையை அடைத்துவிடுகிறோம், மோட்டார் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. உடலில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே என்பது ஒரு விளக்கம்: நெடுநாள் கசிவுக்கு ஈடாகச் சுரப்பு கூடியிருக்கலாம், அல்லது வேலையில்லாமல் கிடந்த உறிஞ்சும் பாதைகள் சோம்பிப்போயிருக்கலாம். இன்னொரு விளக்கம், சிலருக்கு முதலிலிருந்தே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்து, கசிவுதான் அதை மறைத்து வைத்திருந்தது என்கிறது. ஸ்கீவிங்க் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற 113 பேரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தலைவலி வந்தது. மூளையின் பெரிய சிரைப் பாதை குறுகலாக இருந்தவர்களுக்கு இது கூடுதலாக வந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. நான்கில் ஒருவருக்கு மேல் வரும் ஒன்றை அரிய சிக்கல் என்று ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில் போட்டுவிட்டுப் போக முடியாது. அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய முதல் செய்தி அது.

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கும். சிலருக்கு வாரங்கள் கழித்தும் வரும். பழைய வலி பிடரியில் இருந்திருந்தால் புதியது நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் அழுத்தும். விடியற்காலையில் வலி எழுப்பிவிடும். குமட்டல், வாந்தி, பார்வை மங்கல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், காதுக்குள் நாடித்துடிப்பு கேட்டல் ஆகியவை சேரலாம். இந்த நிலையில் இருப்பவரை, ஆபரேஷன் முடிந்தவர்தானே, தலையணையில்லாமல் மல்லாந்து படுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், காபி குடியுங்கள் என்று வார்டில் பார்த்துக்கொள்பவர்கள் சொல்வது இயல்பு. நேற்று வரை அவையெல்லாம் சரியான அறிவுரைகள். கசிவு அடைபட்ட அன்றோடு அவற்றின் பலன் முடிந்துவிடுகிறது. இப்போது வேண்டியது தலைப்பக்கத்தை உயர்த்திய படுக்கை, அசெட்டசோலமைடு மாத்திரை, கண் மருத்துவரின் பரிசோதனை.

நம் மருந்துக் கடைகளில் டயமாக்ஸ் என்று கிடைக்கும் அந்த மாத்திரை மூளைநீர்ச் சுரப்பைக் குறைக்கிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும், சோடா கலந்த பானங்கள் நாக்குக்குச் சப்பென்று ஆகிவிடும். இவற்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நரம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பார்த்துத்தான் தர வேண்டும். கண் பரிசோதனை எதற்கு என்றால், அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பின் தலை வீங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகக் குறையலாம். நல்லவேளையாகப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உடல் புதிய கணக்குக்குப் பழகிவிடுகிறது. மிகச் சிலருக்கே நீரை வடிக்கவோ, நிரந்தர வடிகுழாய் வைக்கவோ தேவைப்படும்.

முதுகில் ஊசி போட்டு அழுத்தத்தை அளந்துவிட்டால் தெரிந்துவிடாதா? தெரியலாம், ஆனால் அந்த ஊசி, அரும்பாடுபட்டு அடைத்த உறையில் இன்னொரு துளை. அளந்த எண்ணும் எப்போதும் வழிகாட்டாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கசிவு நோய் உறுதியானவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அழுத்தம் 6 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குள் இருந்தது. பெரும்பாலோருக்குச் சாதாரண அளவே. சரியான அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் எந்த நிலையில் வலி கூடுகிறது, எந்த நிலையில் குறைகிறது என்ற கேள்வியை அறுவைக்குப் பிறகு நாள்தோறும், காலையும் மாலையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். செலவில்லாத அந்தக் குறிப்பைப் போல வழிகாட்டும் ஸ்கேன் இந்தக் கட்டத்தில் இல்லை. படுத்தால் வலித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் சட்டென்று நிம்மதி வந்து, மறுநாளிலிருந்து நின்றால் வலிக்கத் தொடங்கினால், ஏறிய அழுத்தத்தில் தையல் விட்டுப்போனதோ என்று சந்தேகிக்க வேண்டும். குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தால் இந்தத் திருப்பம் கண்ணில் படும். ஓ.பி.யில் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் நோயாளிக்கே அது நினைவிருக்காது.

நின்றாலும் படுத்தாலும் ஒரே மாதிரி வலித்தால் என்ன செய்வது? இதைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. உப்பிய சிரைகளில் இரத்தம் மெதுவாக ஓடுவதால் மூளைச் சிரையில் இரத்தம் உறையக்கூடும். கசிவு நோயாளிகளில் நூற்றுக்கு இருவர் அளவில் இது காணப்படுகிறது. வலி தன் குணத்தை மாற்றிக்கொண்டு இடைவிடாமல் நிற்பது, வலிப்பு வருவது, ஒரு பக்கம் பலம் குறைவது ஆகியவை இதன் அறிகுறிகள். மருந்தோ, இரத்தம் உறையாமல் தடுப்பது. முதுகில் அறுவை முடிந்த சில நாளில் அதைக் கொடுத்தால் காயத்தில் இரத்தம் கசியலாம். எப்போது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது என்பதை நரம்பியல், அறுவை, கதிரியக்கத் துறையினர் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும்.

மூளைக்கு மேலே உறைக்கடியில் சேரும் இரத்தக் கட்டியும் இப்படிப்பட்ட சிக்கலான கணக்குதான். மூளை கீழே சரியும்போது இழுபடும் சிறு சிரைகள் கிழிந்து இரு பக்கமும் இரத்தம் தேங்குகிறது. கசிவைத் தேடாமல் மண்டையில் துளையிட்டு அந்த இரத்தத்தை மட்டும் வடித்தால், மூளை இன்னும் சரிந்து நினைவு தவறிப் போனவர்கள் உண்டு. பொதுவாகக் கசிவை அடைத்தால் கட்டி தானாகவே கரையும். ஆனால் கட்டி பெரிதாக இருக்கும்போது கசிவை அடைத்தால், இடத்துக்கான போட்டி திடீரென்று முற்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். மன்ரோவும் கெல்லியும் சொன்ன விதி இங்கே இரக்கமின்றி வேலை செய்கிறது. இப்படிப்பட்டவரை முதல் சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி கவனிப்பது அவசியம்.

மூக்கு வழியாகத் தானாக ஒழுகும் கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூக்குக் கசிவில் பெரும்பாலும் முன்பே கூடியிருந்த அழுத்தம்தான் மண்டையோட்டின் அடித்தளத்தை அரித்து வழி உண்டாக்கியிருக்கும். உடல் பருமன் உள்ள நடுவயதுப் பெண்களிடம் அதிகம். உள்நோக்கிக் கருவி மூலம் மூக்கு வழியாக அதை அடைக்கிறார்கள். அடைத்ததும் மறைந்திருந்த அழுத்தம் வெளிப்படும். அழுத்தத்தைக் கவனிக்காவிட்டால் அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி ஒழுகும். நோய் வேறாக இருந்தாலும் அடைத்த பின் அழுத்தத்தைப் பார் என்ற பாடம் அதற்கும் பொருந்துகிறது.

இவ்வளவும் தாண்டி, ஸ்கேனில் எல்லாம் சரியாகி, தையலும் நன்றாக இருந்து, தலைவலி மட்டும் போகாதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் இதற்குப் பலரறிந்த உதாரணம். அவருடையது தானாக வந்ததல்ல. 2015-இல் நடந்த முதுகு அறுவையைத் தொடர்ந்து வந்த கசிவு. அதற்காக மறுபடியும் அறுவை செய்துகொண்டு 43 ஆட்டங்களுக்கு அணியோடு இல்லாமல் இருந்தார். 2017-இலும் அந்தத் தொல்லைக்காக விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. நெடுநாள் வலியில் இருந்த நரம்புகள் காரணம் போன பின்பும் வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கக்கூடும். மாதக்கணக்கில் படுத்தே இருந்ததால் தசைகள் மெலிந்து, எழுந்து நின்றாலே நெஞ்சு படபடப்பதும் தலை சுற்றுவதும் உண்டு. அதைக் கசிவு திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி படுத்துவிட்டால் உடல் மேலும் தளரும். இவர்களுக்கு வேண்டியது இன்னொரு அறுவை அல்ல, பொறுமையான பிசியோதெரபியும் வலிக்கான முறையான மருந்தும். அதே நேரம் உண்மையிலேயே வேறோர் இடத்தில் புதிய கசிவு ஏற்படுவதும் உண்டு என்பதால், மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. எதுவும் செய்யாமல் விட்ட முன்புறக் கிழிசலில் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக இரத்தம் கசிந்து, இரும்புச் சத்து மூளையின் மேற்பரப்பில் படிந்து, காது கேட்காமலும் நடை தள்ளாடியும் போனவர்கள் இருக்கிறார்கள். பின்னர் கிழிசலைத் தைத்தால் இரத்தக் கசிவு நிற்கும். போன செவித்திறன் திரும்பாது.

2023-இல் பிரிட்டனில் நரம்பியலாளர்கள், அறுவை மருத்துவர்கள், மயக்கவியல், கதிரியக்க வல்லுநர்கள் ஆகியோர் கூடி இந்த நோய்க்கு ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் குனிவது, முறுக்குவது, பளு தூக்குவது, மலம் கழிக்க முக்குவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது அது. கூடவே மூன்று கட்டமாகப் பார்க்கச் சொல்கிறது: முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு முறை, பிளட் பேட்ச் என்றால் 10 முதல் 14 நாளில், அறுவை என்றால் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஒரு முறை, பின்னர் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு முறை. முதல் சந்திப்பில் காலின் பலத்தையும் சிறுநீரையும் வலி மாறும் நிலையையும் கேட்க வேண்டும். இரண்டாவதில் கண்ணின் உட்புறத்தைப் பார்த்து, டயமாக்ஸைத் தொடர்வதா குறைப்பதா என்று முடிவெடுக்கலாம். மூன்றாவதில் புதிய எம்.ஆர்.ஐ. படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதோடு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்காமல் இருக்க முடிகிறது என்று நோயாளியிடம் கேட்டு, அறுவைக்கு முன் அவர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுத வேண்டும்.